பச்சைத் துணி சுற்றிய ஊன்றுகோல்

பயப்படாதீர்கள் சார், உட்காருங்கள். கால்தான். நிஜக் கால் இல்லை. பையின் ஜிப் மேலே வரை மூடவில்லை, அதனால்தான் பாதம் வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது. இதோ, ஜன்னல் பக்கம் நகர்த்திவிட்டேன். நீங்கள் தாராளமாக உட்காரலாம்.

கண்டக்டரும் இப்படித்தான் துள்ளினார். "என்னங்க இது? யாரோடதுங்க?" என்றார். "என்னோடது" என்றேன். குனிந்து என் இரண்டு கால்களையும் பார்த்தார். அப்புறம் டிக்கெட்டைக் கொடுத்துவிட்டு முன்னால் போய்விட்டார்.

நான் தப்பாக என்ன சொல்லிவிட்டேன்? இது நான் செய்த கால். என் பெயர் குழந்தைவேலு. கோயம்புத்தூரில் செயற்கைக் கால் செய்து கொடுக்கும் மையம் ஒன்றில் இருபத்தாறு வருஷமாக இருக்கிறேன். முழங்காலுக்குக் கீழே, முழங்காலுக்கு மேலே, கை, விரல் எல்லாம் செய்வேன். அளவு எடுப்பதும் நான்தான், மாட்டி நடக்கப் பழக்குவதும் நான்தான். ஒருவர் நாலு எட்டு வைத்தால் போதும், எங்கே கோளாறு என்று சொல்லிவிடுவேன். நீங்கள் ஏறும்போதே பார்த்தேன், உங்கள் இடது செருப்பு வெளி ஓரத்தில் தேய்ந்திருக்கிறது. இடுப்பு வலிக்குமே? இல்லையா? வரும்.

இந்தப் பஸ் ஏன் இப்படி நின்று நின்று போகிறது? யாராவது கை காட்டினால் போதும், நிறுத்திவிடுகிறான்.

நீங்களே ஒரு நியாயம் சொல்லுங்கள் சார். காங்கேயத்தில் ஏறினதிலிருந்து மனசு ஒரு நிலையில் இல்லை. எழுந்து எழுந்து உட்காருகிறேன். இந்தப் பாதத்தைப் பாருங்கள். விரல்கள் எங்கே? ஐந்து விரல் வைத்திருந்தேன், நகத்தோடு. ரம்பத்தால் அறுத்திருக்கிறார்கள். அறுத்த இடத்தை அரத்தால் ராவி, படகின் மூக்கு மாதிரி வளைத்து, மேலே சைக்கிள் டயரை ஒட்டியிருக்கிறார்கள். குதிகாலுக்கு அடியிலும் ஒரு டயர் துண்டு, ஆணி அடித்து. ஆணி சார்! என் காலில்!

முதலிலிருந்து சொல்கிறேன். நீங்கள் பல்லடம் வரைதானே? அதற்குள் முடித்துவிடுவேன்.

ஆடி மாதம் ஒரு பெண் வந்தாள். மயிலாத்தாள் என்று பெயர். நாற்பத்து மூன்று வயது. காங்கேயத்துக்குப் பக்கத்தில் ஒரு அரிசி ஆலையில் களத்து வேலை. நெல்லை அவித்துக் கொண்டுவந்து சிமெண்டுக் களத்தில் கொட்டிப் பரப்புவார்கள் அல்லவா, அந்த வேலை. லாரி பின்னால் வந்தபோது வலது கால் மாட்டிக்கொண்டது. முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். ஒரு வருஷம் கக்கத்தில் ஊன்றுகோலை வைத்துக்கொண்டே காலம் தள்ளியிருக்கிறாள். மரக் கோல். கக்கத்தில் அழுத்தும் இடத்தில் பழைய சேலையின் பச்சைக் கரையைக் கிழித்துச் சுற்றி வைத்திருந்தாள். எண்ணெய் பிடித்துப் பளபளவென்று இருக்கும்.

மாவுக்கட்டு போடுவதுபோல் மாவு பூசி அளவு எடுத்தேன். மாவு காயும் வரை ஆடக் கூடாது, பேசக் கூடாது. அவளோ பேசிக்கொண்டே இருந்தாள். "ஏனுங்ணா, களத்துல நாங்க செருப்புப் போட மாட்டமுங்க. வெறுங்கால்தானுங்க. காலத் தூக்கவும் மாட்டமுங்க, அப்படியே..." என்று ஏதோ காட்ட வந்தாள். "அம்மா, பேசாம இரு, மாவு காயுது" என்றேன். பேசாமல் இருந்தாள். எல்லாரும் அப்படித்தான், அளவு எடுக்கும்போதுதான் ஊர்க் கதையெல்லாம் வரும். படிவத்தில் 'வேலை' என்று ஒரு கட்டம் இருக்கும். 'கூலி' என்று எழுதி முடித்தேன்.

அந்தக் காலுக்கு நான் பட்ட பாடு! இந்த மேல் கிண்ணத்தைப் பாருங்கள், மிச்சக் கால் உள்ளே போய் உட்காரும் இடம். தடவிப் பாருங்கள். எங்கேயாவது உறுத்துகிறதா? ஐந்து தடவை ராவினேன். அவளுடைய இடது காலைப் பார்த்து விரல் செதுக்கினேன். அவளுக்குக் கட்டைவிரலைவிட இரண்டாம் விரல் நீளம், அதையும் விடவில்லை. மெட்டி போட ஒரு பள்ளம்கூட வைத்தேன். பார்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "அட ஆத்தா! மெட்டி போடற விரல்கூட இருக்குது பாரு" என்றாள். மறுநாளே வெள்ளி மெட்டியைக் கொண்டுவந்து மாட்டிக்கொண்டாள்.

எங்கள் மண்டபத்தில் இரண்டு பக்கமும் கம்பி பிடித்து நடக்கப் பழக்குவோம். எல்லாருக்கும் ஒரே மாதிரி கான்வாஸ் ஷூ. அது நான் கொண்டுவந்த முறை. ஒரே ஷூ இருந்தால்தானே எல்லாருடைய நடையையும் ஒரே மாதிரி பார்க்க முடியும்? அந்த ஷூவின் குதிகால் உயரத்துக்குத் தகுந்தபடி பாதத்தைச் சாய்த்து, நாலு திருகாணியை இறுக்கிவிடுவேன். இதோ, சட்டைப் பையில் இருக்கிறதே, இந்த அலன் கீயால்தான். இது இல்லாமல் நான் வெளியே போகவே மாட்டேன்.

"குதி, பாதம், விரல். குதி, பாதம், விரல். தூக்கி வை!" மூன்று வாரம் இதையே சொன்னேன். மூன்றாவது வாரம் அவள் கம்பியைப் பிடிக்காமல் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு நடந்தாள் பாருங்கள், உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாம் கை தட்டினார்கள். பெரிய டாக்டர், "எது குழந்தைவேலு செஞ்ச கால்னு யாராச்சும் சொல்லுங்க பார்ப்போம்" என்றார். யாரும் சொல்லவில்லை. அவளுடைய சொந்தக் காலைவிட என் கால் நன்றாக நடந்தது, அதுதான் உண்மை.

எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. காலை மாட்டி அனுப்பும் நாளில் ஊன்றுகோலை வாங்கி வைத்துக்கொள்வோம். மண்டபத்துச் சுவரில் வரிசையாகக் கொக்கி அடித்திருக்கிறேன். ஒவ்வொரு கோலும் ஒரு கொக்கியில் தொங்கும். இருநூற்றுப் பன்னிரண்டு கோல் இருக்கிறது. புதிதாக வருபவர்கள் அதைப் பார்த்தாலே தைரியம் வரும். கோலைக் கையில் வைத்திருந்தால் காலை நம்ப மாட்டார்கள், அதற்காகவும்தான்.

அவள் கொடுக்க மனசில்லாமல் நின்றாள். "கட்டையும் இருக்கட்டுமுங்ணா, ஒரு அவசரத்துக்கு ஆகுமில்லீங்களா?" என்றாள். "நான் செய்த கால் இருக்கும்போது உனக்கு என்னம்மா அவசரம்?" என்று வாங்கி நானே மாட்டினேன். கதவு தாண்டும் வரை திரும்பித் திரும்பி அந்தச் சுவரையே பார்த்துக்கொண்டு போனாள். சொந்தக்காரரை ஊருக்கு அனுப்புவதுபோல. எனக்குச் சிரிப்பு வந்தது.

அவினாசிபாளையம் வந்துவிட்டதா? ஐந்து நிமிஷம் நிற்கும். டீ வேண்டாம் சார், இறங்கினால் ஏற மனசு வராது. ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. போகட்டும்.

ஐப்பசியில் போன் செய்தாள். "அண்ணா, பின்னால இருந்து யாரோ சீலையப் புடிச்சு இழுக்கற மாதிரியே இருக்குதுங்க. விழுந்து விழுந்து எந்திரிக்கறனுங்க" என்றாள். "ஷூ போட்டிருக்கிறாயா?" என்று கேட்டேன். "களத்துலயாங்ணா? நெல்லு மேல ஷூவாங்ணா?" என்றாள். உள்ளே உலையில் கால் செய்யும் பிளாஸ்டிக் சூடாகிக்கொண்டிருந்தது. "ஷூ போட்டு நட, எல்லாம் சரியாகும்" என்று சொல்லிவிட்டு வைத்தேன். அப்புறம் போன் வரவில்லை. சரியாகிவிட்டது என்றுதானே நினைப்பேன்? நீங்களாக இருந்தாலும் அப்படித்தானே நினைப்பீர்கள்?

வருகிற ஞாயிற்றுக்கிழமை எங்கள் மையத்தின் ஆண்டு விழா. மயிலாத்தாள் மேடையில் நடக்க வேண்டும் என்று ஏற்பாடு. நான்தான் பெயர் கொடுத்தேன். அதற்காகத்தான் இன்றைக்குக் காலையில் கிளம்பி அந்த ஆலைக்குப் போனேன். புது ஷூ ஒரு ஜோடி வாங்கிக்கொண்டு போனேன், என் சொந்தச் செலவில். இதோ, காலடியில் பெட்டி இருக்கிறதே, அதுதான்.

களம் என்றால் சின்ன இடம் இல்லை சார். ஒரு பக்கம் நின்றால் மறு பக்கத்து ஆள் குழந்தை மாதிரி தெரிவார். எட்டுப் பெண்கள் வரிசையாக நெல்லுக்குள் நடக்கிறார்கள். நடக்கிறார்கள் என்றா சொல்வது? காலைத் தூக்குவதே இல்லை. பாதத்தைத் தரையோடு வைத்து, நெல்லை இரண்டு பக்கமும் ஒதுக்கித் தள்ளிக்கொண்டே போகிறார்கள். பின்னால் ஏர் ஓட்டினதுபோல் கோடு கோடாக விழுகிறது. அரை மணிக்கு ஒரு தடவை இப்படிக் காலாலேயே துழாவிவிட வேண்டுமாம். இல்லாவிட்டால் அரைக்கும்போது அரிசி நொறுங்கிவிடுமாம். எங்கள் மண்டபத்தில் ஒருத்தர் அப்படிக் காலை இழுத்தால் உடனே நிறுத்திவிடுவேன்.

எட்டுப் பேரும் ஒரே மாதிரி இழுக்கிறார்கள். தலையில் துண்டு, மேலே ஆண் சட்டை. யார் மயிலாத்தாள் என்று எனக்கே தெரியவில்லை. பத்து நிமிஷம் நின்று பார்த்தேன். ஒருத்தியிடமும் நொண்டலே இல்லை. எனக்கு எப்படி இருக்கும் சார்? என் காலை நானே அடையாளம் காண முடியவில்லை!

கிட்டே போய்ப் பார்க்கலாம் என்று களத்தில் கால் வைத்தேன். "ஏனுங்க! செருப்போட ஏறாதீங்க! நெல்லுங்க அது, திங்கற பொருளு!" என்று ஒரு சத்தம். பொன்னாத்தாள் என்று ஒரு அம்மாள், அவர்களுக்கு மேஸ்திரி. கையில் கம்போடு வந்தாள். கழற்றிவிட்டு ஏறினேன். அப்பா, என்ன சூடு! தட்டுத்தடுமாறி ஓடி நிழலுக்கு வந்தேன். எட்டுப் பேரும் சிரித்தார்கள். "சார் நடக்கறத பாருங்க புள்ளைங்களா, கோழி மாதிரி" என்றாள் ஒருத்தி. அந்தச் சிரிப்பில் ஒரு குரல் தெரிந்த குரல். மயிலாத்தாள்.

"கால்கார அண்ணா வந்திருக்கறாரு!" என்று சந்தோஷமாகத்தான் வந்தாள். வந்து சாக்கின் மேல் உட்கார்ந்தாள். சேலையைக் கொஞ்சம் தூக்கினாள். அப்போதுதான் பார்த்தேன்.

"விரல் எங்கே?" என்றேன்.

"அது நெல்லுல குத்தி நின்னுக்குதுங்ணா. நான் முன்னால போயிருவேன், காலு பின்னாலயே நிக்குது. முத வாரத்துல நாலு தடவ குப்புற விழுந்தனுங்க. மூக்குல ரத்தம். இந்தப் பொன்னாத்தாக்கா, இன்னும் ரெண்டு நாளுதான் பாப்பேன், அப்புறம் வேற ஆளு போட்டுக்குவேன்னு சொல்லிப்போட்டாங்க."

"ஆமா, சொன்னேன்" என்றாள் பொன்னாத்தாள். "நெல்லு காத்துக்கிட்டு இருக்குமா?"

"அப்புறந்தான் சைக்கிள் கடை ஜமால் பாயக் கூட்டியாந்தனுங்க. அவரு காலக் கேக்கவே இல்லீங்க. மொதல்ல நடந்து காட்டச் சொன்னாரு. களத்துலயே குப்புறப் படுத்துக்கிட்டு, கன்னத்தத் தரையில வெச்சு, ஒரு மணி நேரம் என்ற காலையே பாத்தாருங்க. அப்புறம் விரல எடுத்துப்போட்டு மூக்க வளைச்சாரு. குதியில துண்டு வெச்சாரு. சீலையப் புடிச்சு இழுக்கறது அன்னைக்கே நின்னு போச்சுங்க."

குப்புறப் படுத்தானாம் சார்! சைக்கிளுக்குப் பஞ்சர் ஒட்டுகிற ஆள்! இருபத்தாறு வருஷத்தில் நான் ஒரு நாளாவது குப்புறப் படுத்திருப்பேனா? எனக்கு அது தேவையே இல்லை. நின்று பார்த்தாலே தெரிந்துவிடும்.

"மெட்டி?" என்று கேட்டேன். அதை ஏன் கேட்டேன் என்று தெரியவில்லை.

"முந்தானையில முடிஞ்சு வெச்சிருக்கறனுங்க. வெள்ளியாச்சே. ரப்பருக்கு எதுக்குங்க?"

எனக்குத் தாங்கவில்லை. கத்திவிட்டேன். "இது யாருடைய கால் தெரியுமா? என் கால்! யாரைக் கேட்டு அறுத்தாய்? ஞாயிற்றுக்கிழமை மேடையில் இதையா காட்டுவாய்? ஊர் சிரிக்காதா?" இன்னும் என்னென்னவோ சொன்னேன். நெல்லில் இருந்த ஏழு பேரும் நின்றுவிட்டார்கள்.

அவள் குனிந்து பட்டையை அவிழ்த்தாள். காலைக் கழற்றினாள். உள்ளே போடும் துணி உறையையும் உருவி, மடித்து, கிண்ணத்துக்குள் வைத்தாள். இரண்டு கையாலும் என் முன்னால் நீட்டினாள்.

"இந்தாங்க, உங்க காலு" என்றாள்.

கொடுத்தால் வாங்காமல் என்ன செய்வது? வாங்கிப் பையில் வைத்தேன். விறுவிறுவென்று ரோட்டுக்கு வந்தேன். உடனே பஸ் வந்தது. ஏறிவிட்டேன். இவ்வளவுதான் நடந்தது. இப்போது சொல்லுங்கள், யார் மேல் தப்பு?

இதைக் கொண்டுபோய், பாதத்தை மாற்றி, விரலெல்லாம் வைத்து, வெள்ளிக்கிழமைக்குள் பழையபடி செய்துவிடுவேன். என்ன செய்தாலும் என் மனசு இளகினதுதான். சனிக்கிழமை கொண்டுவந்து கொடுத்துவிடுவேன்.

ஒன்று மட்டும் விளங்கவில்லை. ஏறினதும் இந்தக் குதிகால் துண்டை அளந்து பார்த்தேன், ஸ்கேல் எப்போதும் வைத்திருப்பேன். சரியாக ஒன்றரை சென்டிமீட்டர். எங்கள் கான்வாஸ் ஷூவின் குதிகாலும் ஒன்றரைதான். ஒரு நூல்கூட வித்தியாசம் இல்லை. வெறுங்காலோடு நிற்கிறவளுக்கு அந்த ஒன்றரை குறையும், குறைந்தால் கால் பின்னால் சாயும், சாய்ந்தால் யாரோ பின்னால் இழுப்பதுபோலத்தான்... ஏதோ குருட்டாம்போக்கில் வைத்திருப்பான். அவனுக்கு எப்படித் தெரியும்?

என்ன சார் கேட்டீர்கள்? பஸ் சத்தத்தில் கேட்கவில்லை.

சனிக்கிழமை வரைக்குமா? அவளா? அதற்கென்ன, மூன்று நாள்தானே. ஒரு வருஷம் காலில்லாமல் இருந்தவள்தானே. அந்த ஊன்றுகோலை வைத்துக்கொண்டு எப்படியாவது...

கோல் எங்கள் மண்டபத்தில் இருக்கிறது.

ஆமாம். கொக்கியில். நானே மாட்டினேன் என்று சொன்னேன் அல்லவா. பச்சைத் துணி சுற்றினது. கீழ் வரிசையில், கடைசிக்கு முந்தினது.

இல்லை, ஏழு பேர் இருக்கிறார்களே, யாராவது பிடித்துக் கூட்டிக்கொண்டு போவார்கள். பொன்னாத்தாள் திடமான ஆள், தூக்கிக்கூட விடுவாள். ஆனால் அரை மணிக்கு ஒரு தடவை அவர்கள் நெல்லுக்குள் இறங்க வேண்டும். மணி என்ன சார்? பதினொன்றே காலா? நான் கிளம்பும்போது பத்தரை. அப்படியானால் ஒரு தடவை துழாவி முடிந்திருக்கும். அவள் இல்லாமல்.

அந்தச் சாக்கு வெயிலில் கிடந்தது. நிழல் மறு பக்கம், தண்ணீர்ப் பானை இருக்கிற பக்கம். நான்தான் நிழலில் நின்றுகொண்டிருந்தேன், அவள் வெயிலில்தான் உட்கார்ந்திருந்தாள். அப்போது எனக்கு அது தோன்றவில்லை. நொண்டி அடித்தாவது போகலாம்தான். ஆனால் அந்தத் தரை... நான் இரண்டு காலோடு ஓடியே பாதம் பொரிந்துவிட்டது. ஒற்றைக் காலில் குதித்துக் குதித்து எப்படிப் போவாள்?

"ரெண்டு நாளுதான் பாப்பேன்" என்று சொல்லியிருக்கிறாள் அந்த மேஸ்திரி. இப்போது மூன்று நாள்.

யார் மேல் தப்பு என்று கேட்டேனே. சொல்ல வேண்டாம், இருக்கட்டும்.

இது என்ன ஊர்? பொங்கலூரா? எதிர்ப் பக்கம் காங்கேயம் பஸ் எத்தனை நிமிஷத்துக்கு ஒன்று? பதினைந்தா?

கண்டக்டர்! கண்டக்டர், கொஞ்சம் நிறுத்தச் சொல்லுங்கள், இறங்கணும்!

இல்லை சார், வேறு ஒன்றும் இல்லை. என் அலன் கீயை அங்கேயே மறந்து வைத்துவிட்டேன், களத்துச் சுவர் மேல். அது இல்லாமல் எனக்கு வேலை ஓடாது. சட்டைப் பையில் இருக்கிறதா? இது... இது நாலாம் நம்பர். அங்கே விட்டது ஐந்தாம் நம்பர். போனதுதான் போகிறேன், அப்படியே அவளைக் காலை மாட்டிக்கொண்டு இரண்டு எட்டு நடக்கச் சொல்லிப் பார்த்துவிட்டால் ஆயிற்று. ஆணி அடித்த இடம் எப்படித் தாங்குகிறது என்று பக்கத்தில் பார்க்க வேண்டும். அந்தச் சைக்கிள் கடைக்காரன் எங்கிருந்து பார்த்தானோ அங்கிருந்து பார்த்தால்தான் தெரியும்.

உங்களிடம் பழைய பேப்பர் ஏதாவது இருக்கிறதா? படித்து முடித்ததுதான். தரையில் விரிக்க. மத்தியானக் களம், கன்னம் சுட்டுவிடும். நன்றி சார், இது போதும்.

ஷூப் பெட்டியா? உங்களுக்குத் தெரிந்த யாருக்காவது அளவு சேர்ந்தால் கொடுங்கள். அவளுக்கு அது ஆகாது.

இந்தப் பையை ஒரு நிமிஷம் பிடிக்கிறீர்களா, நான் முதலில் இறங்கிக்கொள்கிறேன். ஜன்னல் வழியாகக் கொடுத்துவிடுங்கள். மெதுவாக. மேல் கிண்ணத்தைப் பிடித்துக் கொடுங்கள். குதிகாலைப் பிடிக்காதீர்கள் சார், டயர் துண்டு கழன்றுவிடப் போகிறது.